ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று கேளுங்கள்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளிலிருந்தும் இறங்கிவந்து சேந்தமங்கலம், நாமக்கல், இராசிபுரம், சேலம் கல்லூரிகளில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் சிலருக்கு நாடக ஆசை இருக்கிறது. அதை வெளியில் சொல்லக் கூச்சமும் இருக்கிறது. நாடகக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெயர் கொடுக்காமல் எழுந்து போய்விடுவீர்கள். ஏன் என்று கேட்டால், "படிப்பு கெட்டுப்போயிருங்கய்யா" என்பீர்கள். அந்தப் பதில் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது. அப்பா சொன்னதாக இருக்கும், அல்லது மூன்றாம் ஆண்டில் அரியர் சுமந்துகொண்டு திரியும் ஏதோ ஓர் அண்ணன் சொன்னதாக இருக்கும்.

அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பிள்ளைகளை வைத்து நாடகமும் போட்டவன் நான். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. துறைத் தலைவருக்கும் பயமில்லை, நாடகக்காரர்களுக்கும் பயமில்லை. எனவே நேராகச் சொல்கிறேன். சேருங்கள். ஆனால் சேருகிற அன்றைக்கே, ஒத்திகை எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுவிடுங்கள். படிப்பைத் தின்பது நடிப்பு அல்ல, காத்திருப்பு. ஐந்து மணி என்று சொல்லி ஆறரைக்குத் தொடங்குவது, கதாநாயகன் பைக்கில் டீ குடிக்கப் போய்விட்டான் என்று இருபது பேர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது, மறுநாள் தேர்வு இருக்கிறவனையும் "இன்னொரு தடவை முழுசா போட்டுப் பாத்துருவோம்" என்று நிறுத்திவைப்பது. கல்லூரி நாடகக் குழுக்களில் இது ஒரு பெருமை மாதிரியே வளர்ந்துவிட்டது. தூக்கம் கெட்டால்தான் கலை என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான்.

இந்தப் பெருமைக்கு நகரத்துப் பிள்ளை கொடுக்கும் விலை குறைவு. ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனால் அம்மா தோசை சுட்டுப்போடுவார். உங்கள் கதை வேறு. விடுதியில் இரவு வருகைப் பதிவு இருக்கிறது; சோறு தீர்ந்துபோகும் நேரம் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்தே வந்துபோகிறவராக இருந்தால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடைசிப் பேருந்தை விட்டால் அன்று இரவு யார் வீட்டில் தங்குவது என்பதே ஒரு நாடகம். அரை மணித் தாமதம் நகரத்துப் பிள்ளைக்கு அரை மணிதான். உங்களுக்கு ஒரு இரவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். வருகை 75 சதவீதம் வேண்டும். ஆக 22 நாள் வரை விடலாம். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதில் இரண்டு நாள் போகும். கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம் பறிக்க வீட்டில் கை வேண்டும்; அடுத்த பருவம் என்றால் மாசியில் மிளகு. ஊர்த் திருவிழா, பங்காளி வீட்டுச் சாவு, ஒரு காய்ச்சல் என்று போனால் கையில் மிஞ்சுவது ஐந்தாறு நாள். நாடகத்துக்கென்று நீங்கள் வகுப்பை விடக்கூடியது அவ்வளவுதான். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. படிப்பு நின்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதாமாதம் வருகிற 1000 ரூபாயும் நிற்கும். உங்கள் வீட்டில் அந்த ஆயிரம் என்ன வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியும். இதையெல்லாம் யோசிக்காமல் "கலைக்காக எதையும் இழக்கலாம்" என்று பேசுகிற இயக்குநரிடம், அவர் எதை இழந்தார் என்று ஒரு முறை கேட்டுப்பாருங்கள்.

தமிழ்நாட்டில் நாடகமும் படிப்பும் சேர்ந்து வாழ்ந்த கதையும் உண்டு, ஒன்றை ஒன்று விழுங்கிய கதையும் உண்டு. இரண்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் கதை சென்னையில். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, மாணவர். பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்துப் பற்றிக்கொண்ட ஆசை அது. அதற்காக அவர் படிப்பை விடவில்லை. பி.ஏ. முடித்தார், சட்டம் முடித்தார், வழக்கறிஞரானார், 1924இல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியும் ஆனார். இதற்கு நடுவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். பிற்காலத்தில் சிவாஜி நடித்துப் பார்த்தீர்களே, அந்த 'மனோகரா' அவருடையதுதான். விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இதைக் கலைச் சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் போடுவார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு எளிய காரணமும் தெரிகிறது: மறுநாள் காலையில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போக வேண்டியவர்கள் சேர்ந்து நடத்திய சபை அது. நேரம் அவர்களுக்குக் காசு. அதனால் நாடகம் நேரத்துக்குக் கட்டுப்பட்டது.

இரண்டாவது கதை மதுரையில். 1918இல் அங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தொடங்கியது. ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அதில் சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் தி.க.சண்முகம், அப்போது அவருக்கு ஆறு வயது. பின்னாளில் 'ஒளவை' என்ற பட்டப்பெயரோடு தமிழ் நாடகத்தின் பெரிய மனிதர் ஆனார். அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' நூலகத்தில் கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்குப் பாட்டும் வசனமும் அடியும் உண்டு, பள்ளிக்கூடம் கிடையாது. எம்.ஜி.ஆர். கம்பெனிக்குப் போனது வீட்டில் சோறு இல்லாததால். பெயர் வாங்கிய சிலரை நாம் அறிவோம். குரல் உடைந்த வயதில் வேஷம் போய், எழுத்தும் தெரியாமல், எந்தத் தொழிலும் தெரியாமல் ஊர் திரும்பிய பையன்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"நாடகக்காரன் ஆனால் படிப்பு போச்சு" என்று உங்கள் அப்பா சொல்வதை மூடத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. சம்பந்த முதலியார் கற்ற குடும்பத்துப் பிள்ளை. ஒரு தேர்வில் தவறினாலும் தாங்கிக்கொள்ள வீடு இருந்தது. கம்பெனிப் பையன்களுக்கு அது இல்லை. உங்களில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். உங்கள் நிலை முதல் கதையைவிட இரண்டாவதற்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் சம்பந்த முதலியாரின் நேரக் கண்டிப்பு அவரைவிட உங்களுக்கு அதிகம் தேவை.

மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது. அது கடல் தாண்டி. எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1960களில் ஒரு காரியம் செய்தார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் ஊர்க் களரிகளில் ஆடிக்கொண்டிருந்த நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். சொல்லித்தரக் கூத்து ஆசானாகிய அண்ணாவியாரை அழைத்தார். ஆடியவர்கள் மாணவ மாணவியர். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை'. இரவு முழுக்க நீளும் கூத்து ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கியது. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி.மௌனகுரு. ஊரில் பார்த்து வளர்ந்த கூத்தைப் பல்கலைக்கழகத்தில் ஆடினார். பிறகு அதே மட்டக்களப்பு மரபு நாடகங்களை முனைவர் பட்ட ஆய்வாகவும் எடுத்துக்கொண்டார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து இன்னொரு தலைமுறைக்கும் கற்பித்தார். அவருக்கு நாடகம் படிப்போடு மோதவே இல்லை. நாடகமே படிப்பாக மாறிவிட்டது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. விலங்கியல் படிக்கிற பிள்ளைக்கு இராவணன் வேஷத்தால் தவளையின் நரம்பு மண்டலம் புரியப்போவதில்லை. நாடகத்தில் நடித்தால் மதிப்பெண் கூடும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள், நம்ப வேண்டாம். கூடலாம், கூடாமலும் போகலாம். மதிப்பெண்ணுக்காக நாடகம் ஆடுகிறவன் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். பேராதனைக் கதையில் உங்களுக்கான சேதி வேறு. ஊரிலிருந்து நீங்கள் கையோடு கொண்டுவரும் விஷயம் கல்லூரிக்குத் தேவைப்படுகிற விஷயம்.

உங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று நினைத்துப்பாருங்கள். புறநானூற்றின் 152ஆம் பாட்டு தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் கண்ணில் படாமல் போகாது. வன்பரணர் பாடியது. கொல்லிக் காட்டில் ஒரு வேட்டுவன் அம்பு விடுகிறான். அந்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. அதைப் பார்த்து நிற்பவர்கள் யார் தெரியுமா? ஒரு கலைக்குழு. முழவும் யாழும் இன்னும் பல வாத்தியங்களும் தூக்கிக்கொண்டு காட்டு வழியே போகிற பாணர், விறலியர். இவன் யாரோ என்று தெரியாமலே வாசித்துப் பாடுகிறார்கள். தன் பெயர் பாட்டில் வந்ததும் அந்த வேட்டுவன், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி, வெட்கப்படுகிறான். இறைச்சியும் கள்ளும் மலையில் கிடைத்த பொன்னும் கொடுக்கிறான். அதாவது இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நாடகக் கூட்டம் உங்கள் மலைக்கு வந்துபோயிருக்கிறது. அடுத்த பாட்டு இன்னும் வேடிக்கை. ஓரி கொடுத்ததில் பசி தீர்ந்துபோனதால் கூத்தர்கள் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டார்களாம். பசி இருந்தால்தான் கலை வரும் என்று பேசுகிற என் நண்பர்கள் இந்தப் பாட்டைத் துணைக்கு அழைப்பார்கள். நான் மாற்றிப் படிக்கிறேன்: கலைஞனுக்கு ஒருநாளாவது வயிறு நிறைந்தது என்பதுதான் அதில் செய்தி.

அந்த 152ஆம் பாட்டை அப்படியே இருபது நிமிட நாடகமாக ஆக்கலாம். ஒரு வேட்டுவன், ஒரு பாணன், நாலைந்து விறலியர், காடு. காடாக நிற்பதற்கும் ஆள் வேண்டும். அதில் வசனம் கிடையாது, மனப்பாடம் கிடையாது, தேர்வு நேரத்தில் மிக வசதியான வேஷம். ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடத்துகிறது. கல்லூரி திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும்; உள்தேர்வு எதுவும் நெருங்கியிருக்காது; அம்மா அப்பா மலை இறங்காமலே வந்து பார்க்கலாம். பருவம் முழுவதிலும் நாடகம் போட இதைவிடப் பொருத்தமான வாரம் எனக்குத் தெரிந்து இல்லை. மகன் மேடையில் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்ட அப்பா, பிறகு அவ்வளவு பயப்பட மாட்டார்.

பெண்பிள்ளைகள் கொல்லிப்பாவையைக் கையில் எடுக்கலாம். சங்கப் பாடல்களில் அவள் பேரழகுக்கு உவமை. மலையில் சொல்லும் கதைகளிலோ, சிரித்து மயக்கிக் கொல்லுகிறவள். எட்டுக்கை அம்மனாக அவளைக் கும்பிடுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இவ்வளவு காலமும் அவளைப் பற்றிப் பேசியது மற்றவர்கள். அவள் வாயைத் திறந்தால் என்ன சொல்வாள் என்று எழுதிப்பாருங்கள். பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். முதுகலைக்கு வந்தால் அதுவே ஆய்வுக் கட்டுரைக்கும் உதவும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கல்லூரி ஆண்டு விழா வந்தால் உங்களைத் தேடி ஒருவர் வருவார். "நீங்க மலையாளிப் பசங்கதானே, ஒரு பழங்குடி நடனம் போடுங்களேன்" என்பார். இலையைக் கட்டி, தலையில் இறகு செருகி, முகத்தில் கரி பூசி, 'ஹூ ஹூ' என்று குதிக்கச் சொல்வார். உங்கள் தாத்தா வேட்டி கட்டி, சாமையும் தினையும் விதைத்துப் பிழைத்தவர். அவர் எந்தக் காலத்தில் இறகு செருகினார்? மறுத்துவிடுங்கள். மரியாதையாகவே மறுக்கலாம்: "ஐயா, நாங்க ஓரி கதை போடறோம்" என்று சொன்னால் போதும். படிப்பு நேரத்தைக் கொடுத்து ஆடப்போகிறீர்கள். உங்களையே கேலிப்பொருளாக்கும் வேஷத்துக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி வேலை முறை.

ஒற்றைப்படைப் பருவத்தில் நடியுங்கள். இரட்டைப்படைப் பருவத்தில் பின்னால் நில்லுங்கள். டிசம்பரில் தொடங்கும் பருவத்தில் காப்பி, மிளகு, பொங்கல், செய்முறைத் தேர்வு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்போது பெரிய வேஷம் எடுத்தால் ஏதோ ஒன்று உடையும். ஒளி, ஒலி, உடை, சாமான் கவனிக்கும் வேலைகளை அந்தப் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவை கீழான வேலைகள் என்று நினைப்பவர்கள், இருட்டில் நாற்காலியைத் தப்பான இடத்தில் வைத்தவனால் ஒரு நாடகமே கவிழ்ந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காட்சிவாரியாக அழைக்கச் சொல்லுங்கள். நாற்பது நிமிட நாடகத்தில் உங்கள் பங்கு ஏழு நிமிடம் என்றால், எல்லா நாளும் எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்க அவசியமே இல்லை. இன்றைக்கு மூன்றாம் காட்சி, அதில் இருப்பவர்கள் மட்டும் வாருங்கள் என்று இயக்குநர் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் போடலாம். கடைசி வாரத்தில் மட்டும் முழு ஒத்திகை. இப்படிச் செய்தால் உங்கள் தலைக்கு விழும் நேரம் பாதியாகக் குறையும். சோம்பேறித்தனத்தைத் தவிர இதற்குத் தடை எதுவும் இல்லை.

வெளியூர்ப் போட்டிக்குப் போனால், போவதற்கு முன்பே முதல்வரிடம் ஓ.டி. கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வந்தபின் அந்தத் தாள் எந்த மேஜையில் கிடக்கிறது என்று தேடுவதற்குள் வருகைப் பதிவை மூடிவிடுவார்கள். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் ஒப்படைப்பும் கருத்தரங்கமும் அடக்கம். ஒப்படைப்பை நாடகத்துக்கு முந்தின வாரமே கொடுத்துவிட்டால் ஆசிரியர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். அந்த மாற்றம் பின்னால் பலவற்றுக்கு உதவும். ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன்.

வசனத்தைப் பேருந்தில் மனப்பாடம் செய்யுங்கள். வளைவுகளில் புத்தகம் பார்த்தால் குமட்டும். ஆனால் முந்தின நாள் படித்ததை முணுமுணுத்துப் பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டால் போதும். பக்கத்தில் பலாப்பழ மூட்டையோடு இருக்கும் அம்மா ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. உங்களுக்கு இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதையே காரணம் காட்டிப் பெண் வேஷங்களைக் குறைத்துவிடுகிற குழுக்கள் உண்டு; பெண்ணே இல்லாத நாடகமாகத் தேடி எடுப்பார்கள். ஆறு மணிக்கு மேல் ஒத்திகை இல்லை என்று குழுவுக்கே ஒரு விதி இருந்தால் இந்தச் சாக்கு செத்துப்போகும். மதிய இடைவேளை இருக்கிறது, சனிக்கிழமை காலை இருக்கிறது. அ.மங்கை சென்னையில் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியராக வேலை பார்த்துக்கொண்டே தமிழில் பெண்ணிய நாடகத்தை வளர்த்தவர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு 1990களில் அவர் நடத்திய 'மௌனக்குரல்' குழு, பெண்சிசுக் கொலையைப் பற்றி 'பச்ச மண்ணு' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. உங்கள் மலையில் சிறுதானிய விதைகளைப் பாதுகாக்கப் பாடுபட்டதும் அதே நிறுவனம்தான் என்று சொன்னால் உங்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. வேலையும் நாடகமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு மங்கை பக்கத்திலேயே இருக்கும் சாட்சி.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கீழ்நாட்டுக் கூத்துக்காரர்களைப் பாருங்கள். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் இரவெல்லாம் கர்ணனாகவும் துரியோதனனாகவும் ஆடுகிறவர்களில் பலர் பகலில் தறியில் இருப்பார்கள், இல்லையென்றால் காட்டு வேலையில். மேட்டூருக்கு அருகே ஏர்வாடியில் மு.ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழையும் நடத்திக்கொண்டு இந்தக் கலைஞர்களுக்காகவும் பாடுபட்டுவருகிறார். ஒரு விடுமுறையில் போய் ஒரு முழு இரவுக் கூத்தைப் பாருங்கள். நடிப்புப் பயிற்சி என்று கல்லூரியில் சொல்லித்தருவதில் பாதி அங்கே கட்டியங்காரன் நுழையும் முதல் கால் மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

நாடகத்தையே பிழைப்பாக எடுக்க நினைக்கும் ஓரிருவர் உங்களில் இருக்கக்கூடும். பட்டத்தை முடிக்காமல் ஓட வேண்டும் என்று தோன்றும் வயது இது. தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே ஒரு பட்டம் வேண்டும். மேடை அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி அங்கே தலைமை வகித்தவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் சே.இராமானுஜம், மு.இராமசாமி போன்றவர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். முதுகலைக்கு எங்கே போனாலும் கையில் பட்டம் இருக்க வேண்டும். இப்போது படிக்கிற பி.எஸ்ஸி. வேதியியல் நாடகத்துக்கு எதிரி என்று நினைக்காதீர்கள், அது நுழைவுச்சீட்டு.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு தாள் என்றால் நடியுங்கள், வசனம் குறைந்த வேஷமாக. இரண்டு, மூன்று என்றால் இந்தப் பருவம் வேண்டாம். ஒத்திகை பார்க்கவும் போகாதீர்கள், போனால் இருந்துவிடுவீர்கள். தேர்வு முடிந்த மறுநாள் போங்கள்.

கல்லூரி திறந்ததும் ஒரு தாளில் மூன்று விஷயங்கள் எழுதுங்கள்: உங்கள் விடுதி மூடும் நேரம் அல்லது கடைசிப் பேருந்தின் நேரம், செய்முறை வகுப்பு உள்ள நாட்கள், வீட்டில் அறுவடைக்குக் கூப்பிடும் வாரங்கள். நாடகக் குழுப் பொறுப்பாளரிடம் அதைக் கொடுத்து, இதற்குள் என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். நல்ல ஆளாக இருந்தால் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். "இப்படியெல்லாம் கண்டிஷன் போட்டா கலை எப்படிய்யா வரும்" என்று சிரித்தால் விட்டுவிடுங்கள். விடுதியில் உங்கள் நாட்டுப் பிள்ளைகளே ஏழெட்டுப் பேர் இருப்பீர்கள். தமிழ்த் துறையில் ஓர் ஆசிரியரின் கையெழுத்தும், நாலு மணிக்கு மேல் காலியாகும் ஒரு வகுப்பறையும் கிடைத்தால் குழு தொடங்கிவிடலாம். அடுத்த ஆடிக்குச் செம்மேட்டு மேடையில் இருபது நிமிடம் கேட்டு இப்போதே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். மனுவில் கல்லூரி முத்திரை இருக்கட்டும்.

அன்புடன்,
கீழ்நாட்டில் தமிழ் சொல்லிக்கொடுத்த உங்கள் ஐயா ஒருவர்